பிலிப்பைன்ஸ் போர்க்கலைகளிலும் ஆயுதங்களிலும் கதை எது, வரலாறு எது: பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்கிரிமா, ஆர்னிஸ், காலி என்று எந்தப் பெயரில் பழகத் தொடங்கினாலும், பிரம்புக் கோலோடு சேர்த்து ஒரு வரலாற்றையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மக்டான் தீவின் தலைவர் லாப்புலாப்பு, ஸ்பெயினுக்காகக் கடல் கடந்து வந்த மகெல்லனைத் தன் வாளால் வீழ்த்தினார், ஸ்பானியர் கலையைத் தடை செய்தார்கள், மக்கள் அதை நாடகத்துக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். இவற்றில் சிலது உண்மை, சிலது பாதி உண்மை, சிலது போன நூற்றாண்டில் சேர்ந்தது.

பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். வேலையின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். "காலி என்பது பழைய பெயரா, புதிய பெயரா?" என்ற மிகச் சிக்கலான கேள்வியில் நேராக இறங்கி, வாதாடிக் களைத்து, கடைசியில் "எல்லாமே பொய்" என்றோ "எல்லாமே உண்மை" என்றோ ஒதுங்கிவிடுகிறார்கள். எளிதில் தீரும் சோதனைகளை முதலில் செய்துவிட்டுக் கடினமானவற்றுக்குப் போவதுதான் சரியான வழி.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் மூல நூல்கள். பிளேர், ராபர்ட்சன் இருவரும் தொகுத்து 1903 முதல் 1909 வரை வெளியிட்ட ஸ்பானியக் கால ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 55 தொகுதிகள். முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அத்தனையும் படிக்க வேண்டாம். மகெல்லனோடு பயணம் செய்த பிகாஃபெட்டாவின் குறிப்பு 33, 34ஆம் தொகுதிகளிலும், மணிலாவில் அதிகாரியாக இருந்த அந்தோனியோ தெ மோர்கா 1609இல் வெளியிட்ட நூல் 15, 16ஆம் தொகுதிகளிலும் இருக்கின்றன. இந்த நான்கு தொகுதிகள் இருந்தால் பாதிக் கூற்றுகளைச் சோதித்துவிடலாம்.

அடுத்து பாக்ஸர் கோடெக்ஸ். சுமார் 1590இல் உருவான ஓவியச் சுவடி, இன்று அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக லில்லி நூலகத்தில் இருக்கிறது. விசயர், தகலோகர், சாம்பலர் எனத் தீவு மக்களை வண்ணத்தில் காட்டுகிறது. ஒரு ஆயுதம் அந்தக் காலத்தில் இருந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் குறைவு.

மூன்றாவது, ஸ்பானியத் துறவிகள் செய்த அகராதிகள். சான் புவனவெந்துராவின் தகலோக் அகராதி 1613இல் அச்சானது, மெந்த்ரீதாவின் விசய அகராதி 1637இல். ஒரு சொல் அந்தக் காலத்தில் என்ன பொருளில் புழங்கியது என்று அறிய இவை வேண்டும்.

இவற்றோடு ஒரு நோட்டு. ஒரு கூற்றுக்கு ஒரு பக்கம். யார் சொன்னது, முதலில் எப்போது அச்சில் வந்தது, சொன்னவர் நேரில் பார்த்தவரா, இப்போதைய முடிவு என்ன என்ற நான்கையும் அதில் எழுதுங்கள். மனதிலேயே வைத்துக்கொண்டால் மூன்றாவது கூற்றுக்கு வரும்போது முதல் கூற்றின் ஆதாரம் இதனோடு கலந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆங்கில மொழிபெயர்ப்பு போதும், ஆனால் ஆயுதத்தின் பெயர் வரும் இடத்தில் மட்டும் மூலத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்த ஐரோப்பிய வாள் ஒன்றின் பெயரைப் போட்டிருப்பார். அதை நம்பி ஆயுதத்தை அடையாளம் காண்பது ஆபத்து.

2. கூற்றை ஒரு வரியில் எழுதி, துண்டு துண்டாக உடையுங்கள்

"எஸ்கிரிமா ஆயிரம் ஆண்டுப் பழமையான கலை" என்பது ஒரு கூற்று போலத் தெரியும். உண்மையில் அதற்குள் நான்கு இருக்கின்றன. அந்தத் தீவுகளில் அப்போது ஆயுதங்கள் இருந்தன. அவற்றைக் கையாள முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியும் இன்றைய பயிற்சியும் ஒன்று. இன்றைய இந்தப் பள்ளி அதன் நேரடித் தொடர்ச்சி.

முதலாவதற்கு ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவது நடந்திருக்கவே வேண்டும், ஏனென்றால் பயிற்சி இல்லாமல் எவரும் கடல் கடந்து சூறையாடப் போவதில்லை. மூன்றாவதும் நான்காவதும்தான் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியவை. புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, முதலாவதை நிரூபித்துவிட்டு நான்காவதை அறிவிப்பது. கம்பிலான் வாள் பழையது என்பதால் கம்பிலான் படத்தைச் சுவரில் மாட்டிய பள்ளியும் பழையது ஆகிவிடாது.

நம் ஊரில் இதே தவறு வேறு வடிவில் வருகிறது. சிலம்பமும் எஸ்கிரிமாவும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன, சோழர் கப்பல்கள் கிழக்கே போயின, ஆகவே இது அங்கே போனது என்கிறார்கள். ஒற்றுமை உண்மை. ஆனால் கோலைப் பிடித்து மனித உடம்பால் வீசக்கூடிய கோணங்கள் எந்த ஊரிலும் ஏறக்குறைய அவைதான். ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதவரை அந்தக் கூற்றின் பக்கத்தில் "நிரூபிக்கப்படவில்லை" என்றே எழுதுங்கள். நமக்குப் பெருமை தரும் கூற்றில்தான் கை இளகும், அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

3. ஆண்டுகளை ஒட்டிப் பாருங்கள்

செலவே இல்லாத சோதனை இது. நூலகம் வேண்டாம், மொழி வேண்டாம். அதனால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

அமெரிக்க மரைன் படையினர் மோரோ வீரர்களின், அதாவது தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம் வீரர்களின், வாள்வெட்டுக்குப் பயந்து கழுத்தில் தோல்பட்டை அணிந்தார்கள், அதனால்தான் அவர்களுக்குத் "தோல்கழுத்தர்" என்று பட்டப்பெயர் வந்தது என்று வகுப்புகளில் சொல்வார்கள். மரைன் சீருடையில் தோல் கழுத்துப்பட்டை 1798இல் வந்து 1872இல் போய்விட்டது. அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸுக்கு வந்ததே 1898இல். கதை இத்தோடு முடிந்தது.

இன்னொன்று அவ்வளவு எளிதில் முடியாது. மோரோக்களை வீழ்த்துவதற்காகத்தான் .45 கைத்துப்பாக்கியே உருவானது என்பார்கள். .38 ரிவால்வரின் குண்டு பாய்ந்தும் மோரோக்கள் நிற்காமல் வந்தார்கள் என்ற புகார் பிலிப்பைன்ஸிலிருந்து போனது உண்மை. அங்கிருந்த படைகளுக்கு 1873 மாதிரி பழைய .45 கோல்ட் ரிவால்வர்களைத் திரும்பக் கொடுத்ததும் உண்மை. எந்தக் குண்டு மேல் என்று 1904இல் தாம்சன், லகார்ட் இருவரும் சோதனை நடத்தி .45 அளவைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் எல்லோரும் மனதில் நினைக்கும் 1911 மாதிரி பிஸ்டல் படையில் சேர்ந்தது 1911 மார்ச்சில். அப்போது மோரோப் போர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. ஆக, குண்டின் அளவு பற்றிய கூற்று நிற்கிறது, துப்பாக்கி பற்றியது நிற்கவில்லை. இப்படிப் பாதி தேறும் கூற்றுகளை முழுதாகத் தூக்கி எறிபவர்கள் அதிகம். உடைத்து, தேறும் பாதியைக் காப்பாற்றுங்கள்.

4. முதலில் எங்கே அச்சானது என்று பின்னோக்கிப் போங்கள்

ஒரே கூற்றை இருபது இடத்தில் பார்த்தால் இருபது சாட்சி என்று நினைக்கத் தோன்றும். இருபதும் ஒரே நூலிலிருந்து எடுத்ததாக இருந்தால் சாட்சி ஒன்றுதான். அதனால், இவர் யாரிடமிருந்து எடுத்தார், அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். சங்கிலி நிற்கும் இடத்தின் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்னியோவிலிருந்து பத்து தாத்துக்கள், அதாவது தலைவர்கள், பனாய் தீவுக்கு வந்தார்கள், காலிக் கலையைக் கொண்டு வந்து பள்ளி வைத்துக் கற்பித்தார்கள் என்ற கதையைப் பின்தொடர்ந்தால் 'மரக்தாஸ்' என்ற நூலில் வந்து நிற்பீர்கள். பெத்ரோ மொன்தெக்லாரோ அதை வெளியிட்டது 1907இல். வாய்வழிக் கதைகளைத் தொகுத்த நூல் அது. கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் நூலுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. மரபுக்கதை என்ற வகையில் மதிப்புள்ளது, ஆவணமாக எடுக்க முடியாது.

கலந்தியாவ் சட்டம் இதைவிட மோசம். 1433ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு என்று பல தலைமுறைக்குப் பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. தீவுகளின் பழைய வீரப் பண்பாட்டுக்குச் சான்றாகப் போர்க்கலை எழுத்துகளிலும் எட்டிப் பார்க்கும். ஹொசே மார்கோ என்பவர் 1914இல் பிலிப்பைன்ஸ் நூலகத்துக்குக் கொடுத்த கையெழுத்துப்படிகளில் வந்தது அது. அதை வாங்கி ஆங்கிலத்தில் வெளியிட்டவர் மேலே சொன்ன 55 தொகுதிகளின் ராபர்ட்சனே. வரலாற்று ஆய்வாளர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அது போலி என்று காட்டினார். பிலிப்பைன்ஸ் தேசிய வரலாற்று நிறுவனமும் 2004இல் அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. பெரிய அறிஞர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக ஒரு ஆவணம் உண்மையாகாது. 1914க்கு முன் அது யார் கையில் இருந்தது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கைமாறிய வழி தெரியாத எந்த ஆவணத்தையும் உங்கள் நோட்டில் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

யோ-யோ பழைய பிலிப்பைன்ஸ் வேட்டை ஆயுதம் என்ற கூற்றுக்கும் இதே சோதனைதான். பின்னோக்கிப் போனால் பெத்ரோ ஃப்ளோரஸ் 1928இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பொம்மைத் தொழிலும் அதைச் சுற்றிப் பெருகிய விளம்பரமும்தான் கிடைக்கும். கிரேக்கப் பானை ஓவியத்தில் கிறிஸ்துவுக்கு முன்பே யோ-யோ இருக்கிறது.

5. நேரில் பார்த்தவர் என்ன எழுதினார் என்று வரி வரியாகப் படியுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் போக வேண்டிய இடம் இது. மக்டான் சண்டையை எடுத்துக்கொள்வோம். 1521 ஏப்ரல் 27. பிகாஃபெட்டா அந்தச் சண்டையில் இருந்தவர், காயம்பட்டவர். அவர் எழுதியதைப் படிக்கும்போது, வாசகத்தில் இருப்பதை ஒரு பக்கமும் நாமாக நிரப்பிக்கொள்வதை இன்னொரு பக்கமும் எழுதுங்கள்.

வாசகத்தில் இருப்பது: 49 பேர் தொடையளவு தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தார்கள். எதிரே 1500 பேருக்கு மேல், மூன்று அணியாக. துப்பாக்கியும் குறுக்குவில்லும் தூரத்திலிருந்து அரை மணி நேரம் சுட்டும் பயனில்லை. எதிரிகள் எறிந்தவை அம்புகள், மூங்கில் ஈட்டிகள் (சிலவற்றுக்கு இரும்பு முனை), தீயில் காய்ச்சிக் கூராக்கிய கழிகள், கற்கள், சேறு. மகெல்லனின் வலது காலில் நஞ்சு தடவிய அம்பு தைத்தது. பின்னர் ஒருவர் அவர் முகத்தை நோக்கி மூங்கில் ஈட்டி எறிந்தார். மகெல்லன் தன் ஈட்டியால் அவரைக் கொன்றார், ஈட்டி உடலிலேயே தங்கிவிட்டது. வாளை உருவப் பார்த்தார், கையில் ஈட்டிக் காயம் இருந்ததால் பாதிதான் உருவ முடிந்தது. அப்போது ஒருவர் பெரிய வெட்டுவாளால் அவருடைய இடது காலில் வெட்டினார். குப்புற விழுந்தவர் மேல் ஈட்டிகளோடும் வாள்களோடும் பலர் பாய்ந்தார்கள்.

வாசகத்தில் இல்லாதது: லாப்புலாப்புவும் மகெல்லனும் நேருக்கு நேர் நின்று மோதியது. லாப்புலாப்பு மக்டானின் தலைவர் என்று பிகாஃபெட்டா பெயர் சொல்கிறார், ஆனால் சண்டையில் எந்த வெட்டையும் அவர் பெயரில் எழுதவில்லை. பிரம்புக் கோல் எங்கேயும் இல்லை. அந்தப் பெரிய வாள் கம்பிலானாக இருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம். நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம் என்றே எழுத வேண்டும்.

இப்படிப் படித்தால் லாப்புலாப்புவின் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவசம் அணிந்தவர்களின் கவசமில்லாத கால்களைக் குறிவைத்தது, ஆழமில்லாத கடலில் அவர்களைப் படகிலிருந்து தொலைவிலேயே நிறுத்தியது, தூரத்துச் சூடு வீணாகும்வரை பொறுத்தது எல்லாம் வாசகத்திலேயே இருக்கின்றன. தனிமனித வாள் மோதல் கதையைவிட இது பெரிய போர்த்திறம்.

ஒரு சாட்சியோடு நிறுத்தாதீர்கள், இரண்டாவதை ஒப்பிடுங்கள். மோர்கா 1609இல் தீவு மக்களின் ஆயுதங்களைப் பட்டியலிடுகிறார்: நல்ல முனையுள்ள நடுத்தர ஈட்டி, தலை முதல் கால்வரை மறைக்கும் 'கராசா' என்ற மரக்கேடயம், இடுப்பில் நான்கு விரல் அகலமுள்ள 'பராராவ்' என்ற குத்துவாள். பிகாஃபெட்டா 1521இல் செபுவில் சேர்த்த சொற்பட்டியலில் 'பலதாவ்' என்றொரு குத்துவாளின் பெயர் இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு பேர், எண்பது ஆண்டு இடைவெளியில், ஏறக்குறைய ஒரே பெயரைக் காதில் வாங்கி எழுதியிருக்கிறார்கள். இதுதான் திடமான ஆதாரம். இப்படி ஒன்று கிடைத்தால் பக்கத்தின் ஓரத்தில் நட்சத்திரம் போட்டு வையுங்கள்.

இரண்டு சாட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அன்றைய போரின் முதல் ஆயுதம் ஈட்டியும் கேடயமும். இன்றைய வகுப்பின் முதல் ஆயுதம் ஒற்றைக் கோல், இரட்டைக் கோல், வாளோடு குத்துவாள். இரண்டுக்கும் நடுவே ஏதோ பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. "மாறாமல் வந்த கலை" என்ற கூற்றுக்கு இதுவே கடினமான கேள்வி.

6. பெயரை வைத்து வயதைக் கணிக்காதீர்கள்

இதை ஆறாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து தொடங்கியவர்கள் யாரும் வெளியே வந்ததில்லை.

எஸ்கிரிமா, ஆர்னிஸ் இரண்டுமே ஸ்பானியத்திலிருந்து வந்த சொற்கள். எஸ்பாதா இ தாகா, அபானிக்கோ, ரெதோந்தா என்று பயிற்சிச் சொற்களிலும் ஸ்பானியம் நிறைய. அதனால் கலையே ஸ்பானியருடையது என்று ஒரு கூட்டம் முடிவு கட்டும். முந்நூறு ஆண்டு ஆட்சியில் பழைய வழக்கத்துக்குப் புதுப் பெயர் வந்திருக்கலாம், புது வழக்கமும் வந்திருக்கலாம். சொல்லை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்பானிய வாள்வீச்சின் பங்கை ஆராய வேண்டுமானால் அடி, கால்வைப்பு, இரட்டை ஆயுதப் பிடி ஆகியவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

'காலி' பற்றிச் சுருக்கமாக. கலிஸ் என்ற ஆயுதப் பெயர் பிகாஃபெட்டாவின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் எல்லாக் கலைகளுக்கும் தாயான கலையின் பெயர் காலி என்ற கருத்தைப் பின்னோக்கித் தேடினால், 1957இல் வந்த யம்பாவோவின் ஆர்னிஸ் நூலுக்கு மிராஃபுவென்தே எழுதிய வரலாற்றுப் பகுதிக்குத்தான் வந்து சேர்கிறோம். அப்புறம் அமெரிக்காவில் தேன் இனோசாந்தோ என்ற ஆசான் வழியாக உலகெங்கும் பரவியது. தமிழில் 'காளி' என்று எழுதினால் தெய்வத்தின் பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். எழுத்து ஒற்றுமையை ஆதாரமாக்காதீர்கள்.

2009 டிசம்பரில் கையெழுத்தான பிலிப்பைன்ஸின் 9850ஆம் எண் சட்டம் ஆர்னிஸைத் தேசியப் போர்க்கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. காலி, எஸ்கிரிமா எல்லாம் அதன் மற்றப் பெயர்கள் என்கிறது. அது இன்றைய வழக்குக்குச் சான்று. பழைய வழக்குக்கு அதைக் காட்டக் கூடாது.

பெயர் உண்மையில் உதவும் இடமும் உண்டு. தகலோக் கவிஞர் பலக்தாஸ் 1838இல் வெளியிட்டதாகச் சொல்லப்படும் 'ஃப்ளோரந்தே அத் லௌரா' காவியத்தில், ஆடல் பாடலுக்கு நடுவே மற்போரும் 'ஆர்னெஸ்' விளையாட்டும் நடந்ததாக ஒரு வரி வருகிறது. காவியம் அல்பேனியாவில் நடக்கிற கதை. ஆனாலும் கவிஞர் தன் வாசகருக்குப் புரியும் சொல்லைத்தானே போட்டிருப்பார்? ஆகவே 19ஆம் நூற்றாண்டுத் தகலோகருக்கு ஆர்னெஸ் என்றொரு விளையாட்டு தெரிந்திருந்தது என்று துணிந்து எழுதலாம். அதற்குமேல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

7. ஆயுதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்

காகிதத்துக்குப் பிறகு இரும்பு. இந்த வரிசையை மாற்றினால், கடைக்காரர் சொன்ன கதையோடு ஆயுதத்தைப் பார்ப்பீர்கள். கண் அதைத்தான் தேடும்.

மோரோ கிரிஸ் வாள் என்று ஒன்றைக் கொடுத்தால் முதலில் கைப்பிடிக்குக் கீழே, அலகு அகலமாகும் இடத்தைப் பாருங்கள். அந்தப் பகுதிக்குக் கங்யா என்று பெயர். பழைய வாள்களில் அது தனித் துண்டாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு இரும்பு சேரும் இணைப்பு மெல்லிய இடைவெளியாகத் தெரியும், நகத்தால் தடவினாலும் தட்டுப்படும். 20ஆம் நூற்றாண்டில் செய்த பலவற்றில் முழுவதும் ஒரே துண்டு, இணைப்பு இருப்பது போலக் கோடு மட்டும் கீறியிருப்பார்கள். "பதினாறாம் நூற்றாண்டு வாள்" என்று சொல்லி அப்படிப்பட்ட ஒன்றை நீட்டினால், விலை பேசாமல் திருப்பிக் கொடுங்கள்.

அலை வடிவம் காயத்தை ஆறவிடாமல் செய்யத்தான் என்பார்கள். மோரோ கிரிஸ்களில் முழுக்க நேரானவையும், மேல்பாதி மட்டும் அலையாகிக் கீழ்ப்பாதி நேராக முடிபவையும் ஏராளம். வெட்டுத்திறன்தான் காரணம் என்றால் நேரானதை ஏன் செய்தார்கள் என்று கேட்டாலே அந்தக் கூற்று தளர்ந்துவிடும்.

கம்பிலான் ஒரு பக்கம் மட்டும் கூரான நீண்ட வாள், கைப்பிடியிலிருந்து நுனிநோக்கி அகலமாகிக்கொண்டே போகும். நுனியில் சில வாள்களுக்குச் சிறு முள் போன்ற நீட்சி இருக்கும். வெட்டிய தலையைத் தூக்க அது என்பது சந்தையில் பிரபலமான கதை. விரல் நகத்தளவு முள் அது. அதன் அளவைப் பாருங்கள், அந்த வேலைக்கு அது தாங்குமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பலிசோங் எனும் மடக்குக் கத்தி கி.பி. 800இலிருந்து இருக்கிறது என்ற ஆண்டு எங்கும் சுற்றுகிறது. அத்தனை பழைய கத்தி எந்த அருங்காட்சியகத்திலும் காட்டப்படவில்லை. பத்தாங்காஸ் மாகாணத்தின் தால் ஊரில் பலிசோங் என்ற பாரங்கே, அதாவது சிற்றூர்ப் பிரிவு, இருக்கிறது, அங்கே இந்தக் கத்தி செய்யும் தொழில் 20ஆம் நூற்றாண்டில் செழித்தது. இது மட்டுமே உறுதியாகச் சொல்லக்கூடியது. இதற்குள்ளேயே போதுமான வரலாறு இருக்கிறது.

புதிய ஆயுதம் என்றால் மட்டமானது என்றும் நினைக்க வேண்டாம். லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டையை அடித்து இன்றைய கொல்லர் செய்யும் போலோ என்ற வெட்டுக்கத்தி வயலிலும் வீட்டிலும் அன்றாடம் உழைக்கிற கருவி. வாங்குவதென்றால் இதை வாங்குங்கள், வயதைச் சொல்லி விற்பதை விட்டுவிடுங்கள்.

8. வாய்மொழியை அதன் எல்லைக்குள் வையுங்கள்

ஆசான் சொல்வதை ஆவணம் இல்லை என்று தள்ளுவதும் தவறு, வேதம் என்று ஏற்பதும் தவறு. தான் யாரிடம் கற்றார், அவர் எந்த ஊர், எப்படிப் பயிற்சி கொடுத்தார் என்பவற்றில் ஆசானே நேர்ச் சாட்சி. தன் ஆசானின் ஆசான் பற்றிச் சொல்வது ஒரு படி குறைவு. அதற்கு மேல் போனால் குடும்பக் கதை. பார்வையற்ற இளவரசியிடம் கற்ற ஆசான், காட்டுக்குள் நடந்த உயிர்ப்போட்டிகள் போன்றவை பெரும்பாலும் இந்த மூன்றாம் படியிலிருந்துதான் வரும்.

பள்ளிகளின் அண்மை வரலாறு பெரும்பாலும் நன்றாகத் தெரிந்தது. செபுவில் 1920இல் லபாங்கோன் வாள்வீச்சுக் கழகம் இருந்தது. அது கலைந்தபின் 1932இல் தோசே பாரெஸ் என்ற கழகம் தொடங்கியது. அங்கிருந்து பிரிந்த வெனான்சியோ பேகன் 1952இல் பலிந்தவாக் குழுவை அமைத்தார். பலிந்தவாக் என்றதும், ஸ்பானியருக்கு எதிரான 1896 புரட்சியின் 'பலிந்தவாக் முழக்கம்' என்ற புகழ்பெற்ற நிகழ்வோடு புதியவர்கள் முடிச்சுப் போடுகிறார்கள். பேகனின் ஆட்கள் பழகிய செபு தெருவின் பெயர் அது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏஞ்சல் கபாலெஸ் 1966இல் ஸ்டாக்டன் நகரில் வெளியார்க்கும் கற்பிக்கும் பள்ளி திறந்தார். இந்த ஆண்டுகளை முதலில் வரிசையாக எழுதிவிட்டால், ஆசான் சொல்லும் கதை எந்த இடத்தில் உட்காருகிறது, எந்த இடத்தில் உட்கார மறுக்கிறது என்று தானாகத் தெரியும்.

கேட்கும் விதமும் முக்கியம். "இது உண்மையா?" என்று பெரியவரிடம் கேட்டால் பதில் அங்கேயே பூட்டிக்கொள்ளும். "இதை உங்களுக்கு யார் சொன்னார்கள், எந்த வயதில் கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். மரியாதையும் குறையாது, உங்களுக்கு வேண்டிய சங்கிலியும் கிடைக்கும். வகுப்பு நடக்கும்போது, மற்ற மாணவர்கள் முன்னால் கேட்கவே கூடாது.

9. முடிவை நான்கு படிகளில் எழுதுங்கள்

உண்மை, பொய் என்று இரண்டே பெட்டி வைத்தால் பெரும்பாலான கூற்றுகள் எதிலும் அடங்காது. ஆவணம் காட்டுகிறது, நியாயமான ஊகம், ஆதாரம் இல்லை, ஆவணத்துக்கு முரண் என்று நான்கு வையுங்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வேறுபாட்டைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். பலிசோங்கின் 800ஆம் ஆண்டு மூன்றாவது. தோல்கழுத்தர் கதை நான்காவது.

இதுவரை வந்த படிகள் எல்லாவற்றையும் ஒரு கூற்றில் போட்டுப் பார்ப்போம்: "1764இல் ஸ்பானிய ஆட்சியாளர் சிமோன் தெ அந்தா கலையைத் தடை செய்தார், மக்கள் அதைக் கிறிஸ்தவரும் மோரோக்களும் மோதும் மோரோ-மோரோ நாடகத்தில் ஒளித்து வைத்தார்கள்."

உடையுங்கள். தடை ஆணை ஒன்று, அது கலைக்கான தடை என்பது ஒன்று, நாடகம் ஒளிவிடமானது ஒன்று. ஆண்டு ஒட்டுகிறதா? அந்தா 1764இன் தொடக்கத்தில் ஆட்சிப் பொறுப்பில்தான் இருந்தார், ஆகவே இந்தச் சோதனையில் கூற்று தப்புகிறது. இப்படித் தப்பியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தொடருங்கள். ஆணையின் வாசகம் எங்கே? கூற்றைத் திருப்பிச் சொல்கிறவர்கள் வாசகத்தைக் காட்டுவதில்லை, ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள்.

சூழலைப் பாருங்கள். 1762 முதல் 1764 வரை மணிலா பிரிட்டிஷார் கையில். அந்தா பம்பாங்காவின் பகோலோரில் உட்கார்ந்து, பெரும்பாலும் உள்ளூர் மக்களைக் கொண்ட படையோடு அவர்களை எதிர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பும் பம்பாங்கா வீரர்கள் ஸ்பானியப் படையில் வழிவழியாக இருந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செபுவின் போல்ஹோவன் ஊரில் பெர்மெஹோ பாதிரியார் கடற்கொள்ளையரை எதிர்க்கக் காவல்கோபுரங்கள் கட்டி ஊர்மக்களையே திரட்டினார். மக்களின் ஆயுதத் திறன் ஆட்சிக்கே தேவைப்பட்ட இடங்கள் இவை. ஒட்டுமொத்தத் தடை என்பதோடு இவை பொருந்தவில்லை.

நாடகம்? வாட்சண்டை நிறைந்த மோரோ-மோரோ நாடகங்கள் நிச்சயம் நடந்தன. நடிகர்கள் ஆயுத அசைவுகளைப் பழகியிருப்பார்கள், கலை அங்கே வாழ்ந்திருக்கலாம். ஒளித்து வைப்பதற்காகவே நடித்தார்கள் என்பதுதான் கூடுதல் கூற்று, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

ஆகவே நோட்டில் இப்படி எழுதுவேன். தடை ஆணை: ஆதாரம் இல்லை. ஒட்டுமொத்தத் தடை: சூழலோடு பொருந்தவில்லை. நாடகத்தில் ஆயுத அசைவு: ஆவணம் காட்டுகிறது. ஒளித்து வைக்கும் நோக்கம்: ஆதாரம் இல்லை. ஆயுதம் ஏந்தக் கட்டுப்பாடு என்பது இவற்றிலிருந்து வேறு கேள்வி, அதற்கு வேறு பக்கம்.

10. மாணவர்களுக்குச் சொல்லும்போது

கதையை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறதோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், போதும். "மரக்தாஸ் கதையில் இப்படி வருகிறது", "எங்கள் ஆசான் வழியில் இப்படிச் சொல்வார்கள்", "பிகாஃபெட்டா நேரில் பார்த்து எழுதியது இது" என்று மூன்று விதமாகத் தொடங்கப் பழகினாலே மாணவர்கள் வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறார்கள்.

உறுதியான செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. 1942இல் கலிஃபோர்னியாவில் பிலிப்பினோக்களைக் கொண்டு அமெரிக்க ராணுவம் காலாட்படைப் பிரிவுகளை அமைத்தது, அவர்கள் போலோவோடு பயிற்சி செய்தார்கள். புரட்சிக்காலத் தளபதி அந்தோனியோ லூனா மணிலாவில் வாள்வீச்சுக் கூடம் நடத்தினார். இவற்றுக்கெல்லாம் ஆவணம் இருக்கிறது. சுவரில் ஆண்டுப் பட்டியல் ஒன்றை மாட்டுவதென்றால் இவற்றிலிருந்து தொடங்குங்கள். மற்றவற்றுக்குப் பென்சிலில் இடம் விட்டு, ஆதாரம் கிடைத்த தேதியையும் பக்கத்திலேயே குறியுங்கள்.